கல்லில் ஏறிய பெயர்கள்

யாராவது முகத்துக்கு நேரே "நன்றி" என்று சொல்லிவிட்டால் காளியப்பனுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டியொட்டிக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்றில், பிறந்தவர் அவர். அங்கே அந்தச் சொல் கூட்டத்தில் பேச வருகிறவர்களுடையது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. கிண்ணத்தைக் கழுவி, அதில் நாலு பச்சைமிளகாயாவது போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். வெறுங்கிண்ணம் கொடுக்கமாட்டார்கள். வாயால் சொல்லி முடித்துவிட்டால், சரி, நீ உன் வழியைப் பார், நான் என் வழியைப் பார்க்கிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது காளியப்பனின் எண்ணம்.

ஆகவே தனக்கு நல்லது செய்தவர்களுக்காக அவர் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார். அதை அவர்களிடமே சொல்லாமல் இருபது வருஷம் ஒளித்தும் வைத்திருந்தார். 1996இல் அந்த வழிதான் அவரைப் பொலிஸ் கூண்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவும் வேலை கிடைத்தது. வந்த மாதமே நெருப்புக் காய்ச்சல். கடைக்காரர் பாயையும் பையையும் வெளியே வைத்துவிட்டார். எதிரே இடியப்பம் அவித்து விற்ற சீனியம்மாதான் "அந்தப் பொடியனை இஞ்ச தூக்கிக்கொண்டு வாங்கோ" என்று சத்தம் போட்டு, தன் வீட்டு மூலையில் படுக்கவைத்து, மூன்று கிழமை கஞ்சி ஊட்டினார். பெற்ற பிள்ளைகள் நாலு பேர் அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக இவரும் நெருக்கிக்கொண்டார்.

தேறி எழும்பியவர் பெயின்ட் வேலைக்குப் போனார். அதுவும் உயர வேலை. கோயில் கோபுரம், தேவாலயத்துச் சிலுவை, தண்ணீர்த் தாங்கி என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்ற இடமெல்லாம் இவருடையது. உயரம் என்றால் அவருக்குப் பயமே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். பயம் நிறையவே இருந்தது. அதோடு அவருக்கு நல்ல பழக்கமும் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது. றேடியோ திருத்துவார், தையல் மெசின் திருத்துவார், மவுத் ஓர்கன் வாசிப்பார். கரம் போர்ட் விளையாட்டில் கொட்டாஞ்சேனையில் அவரை வென்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முதலுதவிப் படையில் சேர்ந்து கட்டுப் போடப் படித்தார். எல்லாவற்றையும்விட வேடிக்கை, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தால் கேக்குக்கு ஐசிங் ரோசாப்பூ போடுவதற்கு இவரைத்தான் தேடுவார்கள். சுவரைச் சுரண்டிச் சுரண்டிக் காய்த்துப்போன அந்த விரல்களிலிருந்து இதழ் இதழாகப் பூ வருவதைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை என்று அவர்கள் கேட்டால், "இந்த மழ முடியட்டும்" என்பார். கொழும்பில் மழை எப்போது முடிந்தது?

மலை ஏறும் பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் நோபேட். அதே ஒழுங்கையில் குடியிருந்தவர், துறைமுகத்தில் கயிறு வேலை. 1974இல் ஒரு கப்பலில் வீசிக் கிடந்த கிழிந்த சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்தார். செங்குத்தான பாறையில் மனிதர்கள் கயிற்றோடு தொங்கும் படங்கள் அதில் இருந்தன. எந்த நாட்டுப் பாஷையோ, ஒரு எழுத்தும் விளங்கவில்லை. முடிச்சை எப்படிப் போட்டிருக்கிறது என்று படத்தில் தெரிந்தது. ஏன் அப்படிப் போட வேண்டும் என்பதை இரண்டு பேரும் முழங்கால் கிழியக் கற்றுக்கொண்டார்கள்.

கேகாலைக்கு அங்கால் கலுகல என்று கிராமத்தவர்கள் சொல்லும் கருங்கல் மலை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் போய், கடைசி பஸ்ஸில் திரும்புவார்கள். டயர் ரப்பர் ஒட்டிய கன்வஸ் சப்பாத்து, பட்டறையில் அடித்த இரும்பு ஆணி, கப்பலில் கழித்த கயிறு. இடுப்பில் கட்டும் பட்டிக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய கார் சீட் பெல்ட் வாங்கினார்கள். அதைக் கொம்பனித்தெருவில் ருக்கியா என்ற தையல்காரப் பெண் தன் மெசினில் மூன்று தையல் போட்டு இறுக்கிக் கொடுத்தார். புதையல் தோண்ட வந்தவர்கள் என்று கிராமத்தவர்கள் ஆறு மாதம் இவர்களைக் கண்காணித்தார்கள். மண்வெட்டியைக் காணவில்லை என்றதும் விசரர்கள், வெறும் பைத்தியங்கள் என்று முடிவுகட்டி, அவித்த பலாக்காய் கொடுத்தார்கள்.

கயிறு கட்டி அந்தப் பாறை முகத்தில் ஏறியவர்கள் அதற்கு முன் யாருமில்லை. பிறகு கம்பஸ் மாணவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். "காளி அய்யே", சிங்களத்தில் காளி அண்ணன், சொல்லிக் கொடுத்த முடிச்சைத்தான் அவர்கள் எல்லோரும் போட்டார்கள்.

முதலாவது பாதையில் ஏறி முடித்ததும் அதற்கொரு பெயர் வேண்டியிருந்தது. நோபேட் புனிதர் ஒருவரின் பெயரை வைக்கலாம் என்றார். காளியப்பன் பையிலிருந்த கொப்பியை எடுத்து எழுதினார்: "சீனியம்மா. 45 அடி. 2 ஆணி. காலையில் ஏறுவது நல்லம்."

"மச்சான், மனிசிக்குத் தெரிஞ்சா உன்னை அகப்பையால அடிக்கும்," என்றார் நோபேட்.

"தெரியவா போவுது?" என்றார் காளியப்பன்.

தனக்கு நன்மை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு பாதை. அதுதான் அவர் கண்டுபிடித்த வழி. "ருக்கியா, 70 அடி, 3 ஆணி" எண்பத்து நாலில் எழுதியது. அதற்கு முந்திய வருஷம் ஜூலைக் கலவரத்தில், தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஒன்பது நாட்கள் ருக்கியா தன் வீட்டில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் இவரை ஒளித்துவைத்திருந்தார். கதவைத் தட்டியவர்களிடம், "உள்ளுக்கு குமருகள் ஈக்கி, வர ஏலா" என்று, வயசுப் பெண்கள் உள்ளே இருப்பதாகச் சொல்லி, தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றார். அவருடைய கணவர் மஜீட் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றார். பெண்ணின் பெயரைப் பாறையில் வைத்தது மஜீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்றுதான் காளியப்பன் அதையும் சொல்லாமல் விட்டார்.

அடுத்தது அங்கம்மா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்றவர். தோட்டத்திலிருந்து வந்தவர்தான், கைம்பெண், காளியப்பனைவிடப் பத்து வயது மூத்தவர். எண்பத்தெட்டில் பக்கத்து மாடிக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரம் முறிந்து காளியப்பன் விழுந்தார். கால் எலும்பு இரண்டாகியது. வேலை கொடுத்தவர் மறுநாளே வேறு ஆள் பிடித்தார். அங்கம்மா தன் முன்னறையில் இவரைக் கிடத்தி, ஆறு கிழமை சட்டி பானைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். மீண்டும் நடக்கத் தொடங்கியதும் இவர் போட்ட பாதைதான் மலையிலேயே கடினமானது. "அங்கம்மா, 110 அடி, 5 ஆணி."

தொண்ணூற்றாறுக்குள் கொப்பியில் பதினொரு பெயர்கள் சேர்ந்திருந்தன.

அது கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த வருஷம். கொழும்பில் தமிழன் ஒருவன் கடைக்குப் போவதென்றாலும் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போன காலம். வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பதியாத ஒரு ஆள் அகப்பட்டால் வீட்டுக்காரரும் உள்ளேதான். ஆணி, சுத்தியல், கயிறு எல்லாவற்றையும் காளியப்பன் மலையடிவாரத்துக் கிராமத்தில் ஒருவர் வீட்டிலேயே வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், கயிறு பூஞ்சணம் பிடித்திருக்கிறது, கழுவிக் காயப்போட வேண்டும் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறினார். கயிறு என்றால் அவருக்குக் குழந்தை மாதிரி. நாட்டு நிலைமை அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

களனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் பை திறக்கப்பட்டது. நூற்றைம்பது அடிக் கயிறு, சுத்தியல், ஒன்பது இரும்பு ஆணிகள். எல்லாவற்றுக்கும் அடியில் கொப்பி. ஒரு செங்குத்துச் சுவரின் படம், அதில் அம்புக்குறிகள், இலக்கங்கள், பெண்களின் பெயர்கள்.

முதல் இரண்டு நாள் நடந்ததை அவர் பிற்காலத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கேஸ் ஒரு இன்ஸ்பெக்டரிடம் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க, நிதானமாகப் பேசுகிற மனிதர். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் மஷூர் பக்கத்தில் நின்று கொப்பியை வரி வரியாகச் சொன்னார்.

"இந்தப் பொம்பிளைகள் ஆர்?" என்று கேட்டார் மஷூர். "எந்தக் கட்டடத்தில ஏறப் போறாங்க?"

"பொம்பளைங்க இல்லீங்க சேர். மலையில பாதைங்க. ஏறுற பாதைங்க."

"பாதைக்கு ஆரும் ருக்கியா எண்டு பேர் வைப்பாங்களா?"

 ஏன் வைத்தேன் என்று காளியப்பன் சொன்னால் அந்தப் பெண்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். சீனியம்மாவுக்கும் ருக்கியாவுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. அங்கம்மாவுக்கு இருந்தது. இரண்டு கிழமைக்கு முன் றேடியோ திருத்தப் போனபோது அவர் அதைக் கண்டிருந்தார். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன அங்கம்மாவின் தம்பியின் மகள்கள் இரண்டு பேர், எப்படியோ தப்பி வந்து, பின்னறையில் இருந்தார்கள். வடக்கிலிருந்து வருவதற்குப் பாஸ் இல்லை, கொழும்பில் தங்குவதற்குப் பதிவு இல்லை. மூத்தவளுக்குப் பத்தொன்பது, இளையவளுக்குப் பதினாறு.

"ஒன் கண்ணுல பட்டுருச்சு தம்பி," என்று அங்கம்மா அன்றைக்குச் சொல்லியிருந்தார். "ஒன் வாயில வரக்கூடாது."

வாயில் வரவில்லை. அடி விழுந்தபோதும் வரவில்லை. ஆனால் நோபேட்டுக்கு அந்த விஷயம் தெரியாதே. கூட்டாளியைக் காணவில்லை என்று ஐந்து நாள் அலைந்து, இருக்குமிடத்தைக் கண்டுபிடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். "சேர், இந்த மனிசிமார் எல்லாம் நல்ல சனம். கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கோ," என்று தனக்குத் தெரிந்த மூன்று விலாசங்களைச் சொன்னார். மூன்றாவது வெள்ளவத்தை. கூண்டுக்குள் இருந்த காளியப்பனுக்கும் அது கேட்டது. நல்ல மனம் படைத்தவர்கள் இப்படித்தான் சில சமயம் ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

மறுநாள் காலை மூன்று பெண்களையும் கொண்டுவந்தார்கள். இவர்கள் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று காளியப்பன் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. கூடப்பிறந்தவர்களே சொன்ன காலம்.

சீனியம்மா சொல்லவில்லை. எழுபது வயதில் கைத்தடியோடு வந்தவர், மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஓம், நான்தான் சீனியம்மா. இவன் நான் கஞ்சி குடுத்து வளத்த பிள்ளை. என்ர பேரை வச்சவனெண்டால் வச்சதுதான். உங்களுக்கென்ன?"

ருக்கியாவும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த சீட் பெல்ட் பட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ட தையல். மூணு வரி போட்டீக்கி, பாருங்க. அந்த மனிசன் ஒரு எறும்புக்கும் அநியாயம் செய்யாத ஆள்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எழுபதடியா என்ட பேரு?" என்று மெல்லக் கேட்டார். பக்கத்தில் நின்ற மஜீட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அங்கம்மா. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி வந்து நின்றார்.

"இவரைத் தெரியுமா?" என்று கேட்டார் மஷூர்.

அங்கம்மா காளியப்பனின் முகத்தை நேராகப் பார்த்தார். உடைந்த உதட்டைப் பார்த்தார். ஓம் என்று சொன்னால் எப்படித் தெரியும், எவ்வளவு காலமாகத் தெரியும், வீட்டுக்கு வந்தாரா, வீட்டைப் பார்ப்போம் என்று போகும். அது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

"தெரியாதுங்க," என்றார் அங்கம்மா. "நான் பார்த்ததே இல்லீங்க."

நோபேட் வாயைத் திறந்தார். காளியப்பன் முந்திக்கொண்டார். "இவங்க இல்லீங்க சேர். அது தோட்டத்துல செத்துப்போன எங்க அத்தை. நோபேட் வெலாசத்த மாத்திச் சொல்லிட்டாரு." இருபத்திரண்டு வருஷம் ஒரே கயிற்றில் ஏறியவர்கள். மேலே நிற்பவன் கயிற்றைச் சுண்டினால் கீழே நிற்பவனுக்கு விளங்கும். நோபேட் அங்கம்மாவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "ஓம் சேர், பிழைபட்டுப் போச்சு," என்றார்.

அங்கம்மா வீட்டுக்குப் போனார். காளியப்பன் போகவில்லை. இரண்டு பெயர் சரி, மூன்றாவது பொய் என்றால் மொத்தக் கொப்பியையும் எப்படி நம்புவது என்று மேலிடம் கேட்டது. அதற்கு இன்னும் பதினொரு நாள் பிடித்தது. அந்த நாட்களில் அவர் அங்கம்மாவை ஒரு நிமிஷமும் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளவத்தையில் இரண்டு பெண் பிள்ளைகள் இன்றைக்கும் சோறு தின்றிருப்பார்கள் என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் நினைத்துக்கொள்வார். அதற்கு மேல் பொழுதுபோக்க மவுத் ஓர்கன்கூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுத்தார். வேறொருவராக இருந்தால் கையெழுத்து வைத்து பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பியிருப்பார், அங்கே போன எத்தனையோ பேரைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இந்த மனிதர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்காகக் காளியப்பன் சாகும்வரை அவரை நல்ல வார்த்தையால்தான் சொன்னார்.

கலுகலவின் அடிவாரத்தில் விலங்கு கழற்றப்பட்டது. இன்ஸ்பெக்டர் கொப்பியைப் பிரித்தார். "அங்கம்மா. ஆள் கிடைக்காத அந்தப் பாதை," என்று சிங்களத்தில் சொன்னார். "அதில் ஏறு. ஆணிகளை நான் எண்ணுகிறேன்."

பதினெட்டு நாள் ஒழுங்கான சாப்பாடு இல்லாத உடம்பு. ருக்கியா தைத்த பட்டியை இடுப்பில் கட்டினார். நோபேட்டையும் கூட்டிவந்திருந்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார், கண்ணில் தண்ணீரோடு. முதல் ஆணி. இரண்டாவது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்தார். மூன்றாவது ஆணி தாண்டியதும் காளியப்பனின் முழங்கால் தையல் மெசின் மாதிரி ஆடத் தொடங்கியது. இதற்கு மேல் முடியாது என்று கை சொன்னது. இன்னும் எட்டடி போனால் ஒரு இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த எட்டடியையும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அங்கே போய் நின்று, இரண்டு கையையும் விட்டு, நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டார்.

நாலாவது. ஐந்தாவது. உச்சி.

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் காதில் செருகினார். கொப்பியின் அந்தப் பக்கத்தில் "ஐந்து, சரி" என்று எழுதிக் கையொப்பம் வைத்து, காளியப்பன் இறங்கியதும் அவர் கையிலேயே கொடுத்தார். "வீட்டுக்குப் போ," என்றார். "கயிற்றை இனிமேல் பஸ்ஸில் கொண்டுபோகாதே." பன்னிரண்டாவது பாதை அவருடைய பெயரில்தான் வந்தது. அதையும் காளியப்பன் அவரிடம் சொல்லவில்லை.

சீனியம்மாவும் ருக்கியாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஜீட்டோடு வாடகை வேன் பிடித்துப் போய்த் தங்கள் பாதைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தன்னுடையது மற்றவர்களுடையதைவிடக் குட்டை என்று சீனியம்மாவுக்கு மனத்தாங்கல். அங்கம்மா மட்டும் தெருவில் இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப்போனார். இவரும் பின்னால் போகவில்லை. போனால் யாராவது பார்ப்பார்கள்.

நாலாவது மாதம், ஒரு காலை நேரம், கொட்டாஞ்சேனையில் காளியப்பனின் அறை வாசலில் அங்கம்மா வந்து நின்றார். கையில் தூக்குச்சட்டி. நோபேட்டின் மகளின் கலியாணக் கேக்குக்கு ஐசிங் போட்டுக்கொண்டிருந்த காளியப்பன் எழுந்து, இருந்த ஒரே கதிரையைத் துடைத்தார். அங்கம்மா உட்காரவில்லை.

"பொண்ணுங்க ரெண்டும் போன கெழம சென்னைக்குப் போயிருச்சுங்க தம்பி," என்றார். "போயிச் சேந்துட்டோம்னு நேத்து கடுதாசி வந்துச்சு." தூக்குச்சட்டியை மேசை ஓரத்தில் வைத்தார். "ஒன்னையத் தெரியாதுன்னு சொன்ன வாயி இது. பதினோரு நாளு வச்சிருந்தாங்களாமே."

"அதெல்லாம் என்னாத்துக்கு இப்ப..."

"அந்தக் கொப்பியில எம் பேரு இருந்துச்சாம். அழிச்சிட்டியா?"

காளியப்பன் கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தார். அங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தார்.

"இதான்க்கா நீங்க. நூத்திப்பத்து அடி. மலையிலேயே பெரிசு. இந்தப் பாதையில, முக்காவாசி ஏறுனதும் ஒரு மொழ அகலத்துக்கு ஒரு எடம் இருக்கு. அங்க ரெண்டு கையையும் விட்டுட்டு நின்னு மூச்சு விடலாம். வேற எந்தப் பாதையிலயும் அப்பிடி எடம் இல்ல. கால் ஒடஞ்சி ஒங்க வீட்டுல கெடந்தேன்ல, அத நெனச்சித்தான் பேரு வச்சேன்."

அங்கம்மா விரலை எடுக்கவில்லை. "அதுக்கப்புறந்தானே தம்பி நான் அப்பிடிச் சொன்னேன்."

"அக்கா," என்றார் காளியப்பன். "ஒங்களக் கூட்டிக்கிட்டு வந்ததுலேருந்து எனக்கு மூச்சே வரல. நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் வந்துச்சு."

அங்கம்மா கதிரையில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். காளியப்பனும் அழுதார், அதை மறைக்கவுமில்லை. பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டார்.

சட்டியைக் கழுவித் துடைத்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தனிக்கட்டை அறையில் ஒரு பச்சைமிளகாய்கூட இல்லை. கேக் மேசையிலிருந்து இருந்ததிலேயே பெரிய ஐசிங் ரோசாப்பூவைக் கத்தி நுனியால் மெல்லத் தூக்கி, உடையாமல் சட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு அங்கம்மாவின் கையில் கொடுத்தார்.